மைனஸ் மூன்று கஜம்

"தட்டுல யாரும் கை வைக்காதீங்க! முதல்ல நம்ம மாவீரனோட சாதனையைப் படிச்சிடறேன்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார் வெர்லின்.

அமெரிக்காவில் நன்றி நாள் விருந்து. மேஜை நடுவில் வான்கோழி ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. வெர்லினின் மகன் கோல்பியைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு, மாமனார் வீட்டில் ரெனாட்டாவுக்கு இதுதான் முதல் விருந்து.

அவளுக்கு எதிரே ட்வைட். சொந்தக்காரர் இல்லை. ஊரில் டயர் கடை வைத்திருப்பவர், ஐம்பதை நெருங்குகிற மனிதர். வருஷா வருஷம் வந்துவிடுவாராம்.

வெர்லின் செல்போனைத் தூரமாகப் பிடித்தார். கல்லூரியின் இணையதளம்.

"ட்வைட் ப்ரூயிட். ஃபுட்பால் டீம்ல நாலு வருஷம். வேலை, ஓரமா ஓடிப்போய்ப் பந்தைக் கையில பிடிச்சுக்கிட்டு எதிராளி எல்லைக்கு ஓடுறது. நாலு வருஷத்துல பிடிச்ச பந்து... ஒண்ணு!"

மேஜையே குலுங்கியது.

"எல்லையைத் தொட்டு டச்டவுன் எத்தனைப்பா?" என்று எடுத்துக் கொடுத்தாள் கோல்பியின் தங்கை.

"முட்டை! இரு இரு, இன்னும் இருக்கு. அந்த ஒரு பந்தை வெச்சுக்கிட்டு ஐயா டீமை முன்னேத்தின தூரம், மைனஸ் மூணு கஜம்! டேய் ட்வைட், நீ வீட்லயே தூங்கியிருந்தாக்கூட டீம் மூணு கஜம் முன்னாடி இருந்திருக்கும்டா!"

ட்வைட் தலையைக் குனிந்தபடி உருளைக்கிழங்கு மசியலைத் தட்டில் போட்டுக்கொண்டார். கோல்பியும் சிரித்துக்கொண்டிருந்தான்.

ரெனாட்டாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டாள்.

"போதும், நிறுத்துங்க! வீட்டுக்கு வந்தவரை உட்கார வெச்சு இப்படியா அவமானப்படுத்துவீங்க?"

சிரிப்பு நின்றது.

"ரெனாட்டா, உட்காரு. அப்புறம் சொல்றேன்" என்று கையைப் பிடித்தான் கோல்பி.

அவள் உதறினாள். "நீயும்தானே சிரிச்சே? உன்னை இப்படி ஒருத்தர் பேசினா தாங்குவியா?"

"பரவாயில்லம்மா" என்றார் ட்வைட் மெல்ல. "அவர் படிச்சதுல ஒண்ணும் பொய் இல்லையே. ஐஸ்கிரீமை வண்டியிலயே வெச்சுட்டு வந்துட்டேன். எடுத்துட்டு வந்துடறேன்."

ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வெளியே போனார்.

கதவு சாத்தியதும் வெர்லின் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாமியார் டார்லீன்தான் பேசினாள்.

"இவன் காலேஜ்ல ஆடினப்போ நான் இந்த ஊர்ப் பத்திரிகைக்குப் போட்டோ எடுப்பேன். அந்த ஒரு பந்தைப் பிடிச்ச அன்னைக்கு மைதானக் கோட்டோரமா ஒரு குட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி நிமிஷம். நாலு வருஷமா பெஞ்சுல கிடந்தவன் கையில பந்து. கோட்டை ஒட்டி நேரா ஓடினா வெற்றி. ஆனா இவனை வெளியே தள்ள மூணு தடியனுங்க பாய்ஞ்சு வரானுங்க. தள்ளினா நாலு பேரும் நேரா என் மேலதான்."

ரெனாட்டா உட்கார்ந்தாள்.

"ட்வைட் என்னைப் பார்த்தான். அவ்வளவுதான், சட்டுனு பின்பக்கமா திரும்பி, அவனுங்க நடுவுலயே போய் விழுந்தான். முட்டி நொறுங்கிப் போச்சு. மேட்ச் தோத்துது. 'முன்னாடி ஓடறவன் எவனாவது பின்னாடி ஓடுவானா'ன்னு ஊரே திட்டிச்சு. ஏன் திரும்பினேன்னு அவன் வாயே திறக்கல. நாங்கதான் வீடு வீடா சொன்னோம்."

"அப்படிப்பட்டவரையா கேலி பண்றீங்க?"

"முதல் வருஷம் கூப்பிட்டு உட்கார வெச்சோம். இவர் எழுந்து நன்றின்னு ஆரம்பிச்சார். அவன் சாப்பிடாமலே போயிட்டான். ரெண்டாவது வருஷமும் அதேதான். மூணாவது வருஷம் இவர் கிண்டல் பண்ணிப் பார்த்தார். ரெண்டு தட்டு சாப்பிட்டான். அதிலிருந்து இப்படித்தான்."

வெளியே வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ரெனாட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அவ்வளவு பேர் ஓடி வர்றது தெரிஞ்சுதே, நீங்க சட்டுனு எழுந்து நகர்ந்திருக்கலாமே?"

"எப்படிம்மா சட்டுனு எழுந்திருக்கிறது?" என்றாள் டார்லீன். "எனக்கு அப்போ எட்டு மாசம். வயித்துல உன் புருஷன்."