பெட்டிகளின் சொந்தக்காரர்

லோவ்ரென்ஸ் கால் இடறியதில், தேனீக்களைப் பிடிக்கும் உண்ணிக்கான மருந்துப் பொடி அத்தனையும் முட்டைக்கோஸ் ஊறப்போட்ட ஜாடிக்குள் கொட்டிவிட்டது. குளிர்காலம் முழுவதும் வைத்துச் சாப்பிட வேண்டிய ஜாடி. இனி அதைத் தின்றால் உண்ணிக்கு முன்னால் மனிதர்கள்தான் விழுவார்கள்.

“மருந்து தேனீக்கா, எனக்கா?” என்று கேட்டாள் லுத்மிலா. கொல்லையில் தேனீக் குடிலுக்கு எதிரே நாற்காலி போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்திருந்தாள்.

எழுபது வயதில் லோவ்ரென்ஸ் தொப்பியைக் கழற்றி, பள்ளிக்கூடப் பையனைப் போல மன்னிப்புக் கேட்டார். நல்லவேளை, பையில் இன்னொரு பொட்டலம் இருந்தது. கரவாங்க மலையில் பனி இறங்கத் தொடங்கியாயிற்று. ஊரே இன்றைக்குத்தான் மருந்து போடுகிறது. ஒரு கொல்லை விட்டுப்போனாலும் அங்கிருந்து உண்ணி ஊர் முழுக்கத் திரும்பிவிடும்.

முகமூடியைக் கட்டிக்கொண்டு, பொடி போட்ட கரண்டியை முதல் தேனீப் பெட்டியின் வாசலுக்குள் நுழைத்தார். கார் பேட்டரியில் கம்பியை மாட்டியதும் கரண்டி சூடேறி, வெள்ளைப் புகை உள்ளே பரவியது. ஈரத்துணியால் வாசலை அடைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். தேதி, பெட்டிகளின் எண்ணிக்கை, மருந்தின் அளவு, சொந்தக்காரர் பெயர் என்று நாலு கட்டம். கால்நடை அதிகாரி வந்து கேட்டால் காட்ட வேண்டும்.

மூன்று கட்டத்தை நிரப்பிவிட்டு முகமூடியை இறக்கினார். “அம்மணி, பெட்டியெல்லாம் யார் பேர்ல இருக்கு?”

“என் வீட்டுக்காரர் பேர்ல.”

“அவர் பேரு?”

“வந்ததும் அவர்கிட்டயே கேளுங்க. மரம் அறுக்கப் போயிருக்கார்.”

இரண்டாவது பெட்டி. மூன்றாவது பெட்டி. தபால்காரரை ஒன்பது வருடமாக வாசல்படி ஏறவிடாத நாய், லோவ்ரென்ஸின் பூட்ஸ் மேல் தலையை வைத்துக் குறட்டை விட்டது. நாய்க்கும் வயசாகிவிட்டது, யாரைப் பார்த்துக் குரைப்பதென்றே தெரியவில்லை என்று லுத்மிலா அலுத்துக்கொண்டாள்.

அவர் வேலை செய்யும் லட்சணத்தையும் அவள் விட்டுவைக்கவில்லை. கம்பியை அப்படிப் பிடிக்கக்கூடாதாம். துணியை அப்படித் திணிக்கக்கூடாதாம். அவள் வீட்டுக்காரர் என்றால் இந்நேரம் எட்டுப் பெட்டியும் முடித்து, சூப்பும் குடித்திருப்பாராம்.

“அவ்வளவு கெட்டிக்காரரா?” என்றார் லோவ்ரென்ஸ்.

“கெட்டிக்காரரா? ஏணியில ஏறினா இறங்கத் தெரியாது. வேலை செய்யறப்ப பாடுவார் பாருங்க, அந்தக் குரலைக் கேட்டாலே பாதி உண்ணி தானா விழுந்துடும். எங்க அப்பாவைப் புதைக்கிற அன்னிக்குக்கூட ஏதோ சொல்லி, பாதிரியாரையே சிரிக்க வெச்சுட்டார். ஒரு வாரம் அவரோட பேசலை நான்.” கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அவர் இல்லேன்னா அன்னிக்கு நானும் கூடவே செத்திருப்பேன்.”

புகை அடங்கி வெகுநேரம் ஆகியிருந்தும், லோவ்ரென்ஸ் முகமூடியை மறுபடியும் மேலே இழுத்துக்கொண்டார்.

ஐந்தாவது பெட்டியில் மீண்டும் கேட்டார். முன்பின் தெரியாத ஆளிடம் பெயரையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்றாள். ஏழாவதில் கேட்டபோது டீ வேண்டுமா என்றாள். கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் ஒன்று. பேசாமல் அவரே எதையாவது எழுதி மூடியிருக்கலாம். ஆனால் காலையில் பேனாவைச் சட்டைப்பையில் செருகும்போதே, அவள் வாயால் அந்தப் பெயரைக் கேட்காமல் இன்றைக்கு விடுவதில்லை என்று தீர்மானித்திருந்தார்.

எட்டாவது பெட்டியும் முடிந்தது. கம்பிகளைச் சுருட்டி வைத்துவிட்டு, பதிவேட்டோடு அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

“அம்மணி, இந்த ஒரு கட்டம்தான் பாக்கி.”

அவள் வேலிக்கு அப்பாலிருந்த பாதையைப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

“இவ்வளவு நேரம் வெளியில இருக்கமாட்டாரே,” என்றாள். குரல் தளர்ந்திருந்தது. “வழியில பார்த்தீங்கன்னா வீட்டுக்கு வரச் சொல்றீங்களா?”

“சொல்றேன். என்ன பேர் சொல்லிக் கூப்பிடறது?”

லுத்மிலா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

“லோவ்ரென்ஸ்,” என்றாள். “என் வீட்டுக்காரர் பேரு லோவ்ரென்ஸ்.”