பதினோரு லிட்டர்

ஆயில் அளக்கும் குச்சியை உருவினார். துணியால் துடைத்தார். மறுபடி விட்டு உருவினார்.

ஒரு சொட்டு இல்லை.

காலை ஆறு மணி. இஞ்சின் ஆறிக் கிடந்தது. ஆயில் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. திருச்செங்கோட்டில் எந்த லாரிக்காரரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

நேற்று மாலைதான் வண்டி ஈரோட்டிலிருந்து சர்வீஸ் முடிந்து வந்தது. பதினோரு லிட்டர் இஞ்சின் ஆயில். பிரேக் ஆயில், கூலன்ட், ஃபில்டர். எல்லாம் சேர்த்து அறுபத்தெட்டாயிரம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை இந்தச் செலவு உண்டு.

"ரெண்டே பேரு உக்கார்ற வண்டிக்கு இத்தனையா? ஒரு கறவ மாடு வாங்கிக் கட்டியிருக்கலாம்" என்றாள் மனைவி.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வைத்திருந்த மூன்று லாரிகளையும் விற்ற பிறகு தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அது. இருபது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். வாங்கி மூன்று மாதம். தேடிப் பிடித்துக் கொடுத்தவனே மெக்கானிக் ஜெயசீலன்தான். தரகுகூட வேண்டாமென்று சொல்லிவிட்டான்.

அவனா இப்படி?



காய்ந்த குச்சியைப் படம் எடுத்தார். இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் நாற்பது பேர் ஒரு வாட்ஸப் குழுவில் இருந்தார்கள். ஜெயசீலனுக்கு வேலை வருவதெல்லாம் அந்த நாற்பது பேரிடமிருந்துதான். குழுவில் அவனும் இருந்தான்.

'பதினோரு லிட்டருக்குக் காசு. குச்சியில் ஒரு சொட்டு இல்லை. ஈரோடு ஜெயசீலனிடம் வண்டி விடுகிறவர்கள் உஷார்.'

அனுப்பினார். கை கழுவினார். காபி குடித்தார்.

பதில்கள் வரத் தொடங்கின. ஒருவர் கோபமான முகம் போட்டார். இன்னொருவர் தனக்கு முன்பே சந்தேகம் இருந்தது என்றார். இப்படி ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். வியாழக்கிழமை வண்டி விடுவதாக இருந்த கோயம்புத்தூர் டாக்டர், இனி விடப்போவதில்லை என்று எழுதினார்.



ஏழரைக்கு வாசலில் ஜெயசீலனின் பைக் வந்து நின்றது.

வழக்கமாக, "அண்ணா, காபி கெடைக்குங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவான். இன்று சாவிக்குக் கை நீட்டினான். அவர் கொடுத்தார். பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

சங்ககிரி சாலையில் போய்த் திரும்பினார்கள். இருபது நிமிடம். இத்தனை சின்ன வண்டியில் பேசாமல் இருப்பது கஷ்டம். முழங்கை இடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டு முன்னால் நிறுத்தினான். இஞ்சினை அணைக்கவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை உருவினான், துடைத்தான், விட்டு உருவினான். அவர் முகத்துக்கு நேராக நீட்டினான்.

மேல் கோடு வரைக்கும் ஆயில். தேன் நிறத்தில், புத்தம் புதிதாக.

"இதுக்கு ஆயில் டேங்க் தனிங்க, குச்சி அதுலதான் இருக்குது. வண்டி நின்னா ஆயில் கீழ இஞ்சினுக்குள்ள எறங்கிரும், குச்சிக்கு எட்டாது. சூடா, ஓடறப்பத்தான் பாக்கோணும்."

நேற்றே இதைச் சொல்ல வாயெடுத்தான். "முப்பது வருசம் லாரி வெச்சிருந்தவனுக்கு ஆயில் பாக்கச் சொல்லித் தர்றயா?" என்று அவர்தான் சிரித்து அனுப்பிவிட்டார்.

அவமானமாக இருந்தது. "சீலா" என்றார்.

அவன் குச்சியைச் செருகினான். இஞ்சினை அணைத்தான். சாவியை இருக்கை மேல் வைத்தான்.

"கியர் ஆயில் இன்னொரு வருசம் தாங்கும்னு மாத்தாம உட்டுட்டனுங்க. உங்களுக்கு எதுக்கு வீண் செலவுன்னு. அடுத்த தைக்குள்ள மாத்தோணும், மறந்துராதீங்க. யாருகிட்டயாச்சும் குடுத்து மாத்திக்குங்க."

யாரிடமாவது.

வாசல் குழாயில் கை கழுவப் போனான்.

அவர் ஃபோனை எடுத்தார். படத்தை அழித்துவிடலாமா என்று பார்த்தார். முப்பத்தெட்டு பேர் பார்த்தாகிவிட்டது. எழுதத் தொடங்கினார். இந்த வண்டியின் அமைப்பு சற்று வேறு என்பதாலும், முறையான விளக்கம் கிடைக்காததாலும், காலையில் ஒரு சிறிய குழப்பம் ஏற்பட்டு...

மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் படித்தாள்.

"நீங்க பண்ணுன தப்பு இதுல எங்கீங்க இருக்குது?"

எல்லாவற்றையும் அழித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். லாரி உரிமையாளர் சங்கத்தில் இரண்டு தடவை பொருளாளராக இருந்தவர். ஊரில் யார் பழைய லாரி வாங்கினாலும் இஞ்சின் சத்தத்தைக் கேட்டுச் சொல்ல அவரைத்தான் கூட்டிப்போவார்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

'ஆயில் சரியாக இருக்கிறது. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. ஜெயசீலன் சொல்ல வந்தார். நான் கேட்கவில்லை.'

அனுப்பினார்.

கோயம்புத்தூர் டாக்டர் உடனே ஒரு சிரிக்கும் முகம் போட்டார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

வெளியே குழாய்ச் சத்தம் நின்றது. அங்கே ஜெயசீலனின் ஃபோன் சிணுங்கியது.

பைக் கிளம்பும் சத்தம் வெகுநேரம் வரவில்லை.