நாற்பத்தாறு டிகிரி

அந்த அக்கா மூன்றாவது முறையாக ஏசியை அணைத்தபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“அக்கா, ரிமோட்டைக் கொஞ்சம் கீழ வைங்க.”

“குளிருது மேடம்.”

“அதான் போர்த்திக்கச் சால்வை குடுத்தேனே?”

“அதையும் மீறிக் குளிருது.”

மேசையைச் சுற்றி ஐந்து அறக்கட்டளைகளின் ஐந்து பெரிய மனிதர்கள். ஐந்து பேரும் கோட்டு போட்டிருந்தார்கள். தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏசியைப் போட்டேன்.

இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெயிலில் வெந்துபோகிற வேலையிடங்களுக்கு ஐவரும் சேர்ந்து சூடு இறங்காத கூரை போட்டுத் தருவது. திட்டம் இவ்வளவுதான். ஆனால் எந்த இடத்துக்கு முதலில் என்பதிலேயே மூன்று மாதம் போய்விட்டது. ஒருவர் குப்பை பிரிக்கும் ஷெட் என்பார். இன்னொருவர் சலவைக்கூடம் என்பார். கடைசியில் நான்தான் ஒரு வழி சொன்னேன். எங்கே சூடு அதிகமோ அங்கே முதலில். மற்றது அடுத்த வருஷம்.

அதற்காக இரண்டு இடத்திலும் ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டும் கொடுத்து, மணிக்கொரு தடவை பார்த்து எழுதச் சொன்னோம். நோட்டில் மணி, டிகிரி என்று இரண்டே கட்டம். அதுவும் என் யோசனைதான்.

ஷெட்டில் எழுதுகிறவர் இந்த அக்கா. போன கோடையில் அங்கே இரண்டு பெண்கள் சூடு தாங்காமல் மயங்கி விழுந்தார்கள். ஒருத்தி அக்காவின் சொந்தத் தங்கை. அதற்குப் பிறகு அவள் பழையபடி எழுந்து நடமாடவே இல்லை. இன்னொரு கோடையை அந்தத் தகரக் கூரைக்குக் கீழே தள்ள முடியாது என்று அக்காதான் என்னிடம் அழுதார். அதனால்தான் பேச அழைத்தேன்.

“உங்க கஷ்டத்தைச் சொல்லுங்கம்மா. கேக்கத்தானே வந்திருக்கோம்” என்றார் தலைவர்.

“சொல்றேன் சார். முதல்ல இந்த ஏசியைக் கொஞ்சம் நிறுத்திக்கறேன்.”

நாலாவது முறை.

மணி பன்னிரண்டு ஆனதும், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பதினொன்றுக்கும் இதே கதைதான். வாசலில் மடக்கினேன்.

“ஒரு நாள் எழுதலைன்னா குடி முழுகிப் போயிடுமா?”

“எங்க இருந்தாலும் மணிக்கொரு தடவை எழுதணும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க.”

“சொன்னேன்தான். அதுக்காக? உங்க ஷெட்டுக்காக நான் நாயா அலையறேன். நீங்க என்னடான்னா அவங்க உயிரை வாங்கறீங்க.”

அக்கா போய்விட்டுத் திரும்பியபோது முகமெல்லாம் வியர்வை. குளிருதாம், குளிருது.

போதாக்குறைக்கு, பதினோரு மணி டீ பன்னிரண்டேகாலுக்கு வந்தது. டீ போடும் பெண்ணையும் ஒரு வாங்கு வாங்கினேன். அவள் தட்டை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி போனாள்.

ஒரு வழியாகத் தலைவர் இரண்டு நோட்டையும் கையில் எடுத்தார்.

“சலவைக்கூடத்துல அதிகபட்சம் நாப்பத்து மூணு. ஷெட்டுல... நாப்பது, நாப்பத்தொண்ணு, நாப்பத்து ரெண்டு...”

ஒரே ஒரு டிகிரியில் கைநழுவிப் போகப்போகிறதா?

கடைசிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. “அடேயப்பா, நாப்பத்தாறு. இதுக்கு மேல பேச என்ன இருக்கு? ஷெட்டுக்கே முதல்ல போட்டுடலாம்.”

மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். மூன்று மாதத்தில் முதல் முறையாக ஒரே பக்கமாக ஆட்டினார்கள். தலைவர் பேனாவைத் திறந்தார். அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

“கையெழுத்துப் போடாதீங்க சார்” என்றார் அக்கா.

மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். காலை இழுத்துக்கொண்டாரே தவிர வாயை மூடவில்லை.

“எங்க ஷெட்டுல நாப்பத்து ரெண்டுக்கு மேல ஏறினதே இல்ல. அந்த நாப்பத்தாறு எங்களது இல்ல.”

“சும்மா இருங்கக்கா. உங்க தங்கச்சியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க” என்று அவர் காதில் சீறினேன்.

“அவளை நினைச்சுத்தான் மேடம் சொல்றேன்.”

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப இது எந்த இடம்மா? நாப்பத்தாறு டிகிரியில மனுஷங்க வேலை பாக்கறாங்களா? யாரு அந்த முதலாளி? மனசாட்சியே கிடையாதா?”

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார்.

“இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் சார். இந்த ஏசியோட சூடெல்லாம் வெளிய வர்ற சந்து. உங்களுக்கு டீ போடற பொண்ணு அங்கதான் அடுப்போட நிக்குது.”

இந்தத் திட்டத்தைப் பேசப் பெரிய ஹால் வேண்டும் என்று சமையலறையை இடித்து, அவளை அந்தச் சந்துக்கு அனுப்பியது நான்தான்.