வேலி போடாத ஐந்து குழிகள்

உயிரியல் வாத்தியார் காஸ்பருக்குத் தலை கிறுகிறுத்தது. பட்டினப்பாக்கம் கரையில் ஆமைகள் முட்டையிட்ட பத்துக் குழிகளில் ஐந்துக்கு முள்வேலி போட்டார். ஒப்பிட்டுப் பார்க்க ஐந்தைச் சும்மா விட்டார். வேலி நாய்களைத் தடுக்கிறது என்று நிரூபித்துவிட்டால், கரை முழுக்க வேலி போட சர்க்கார் தயார்.

நடந்ததோ தலைகீழ். வேலி போட்டதில் இரண்டை நாய்கள் தோண்டித் தின்றுவிட்டன. சும்மா விட்ட ஐந்திலும் குஞ்சுகள் பொரிந்து, குடுகுடுவென்று கடலுக்கு ஓடின!

"போச்சு! மூணு மாச உழைப்பும் போச்சு!" அறிக்கையைக் கிழிக்கப் போனார்.

மீன் கூடையோடு வந்த தேசம்மா கெக்கலித்தாள். "இன்னா வாத்தியாரே, குஞ்சு பொரிச்சதுக்கா அழுவுறே?"

"வேலியே இல்லாத குழியை நாய் ஏன் தொடலை, தேசம்மா?"

"தொட வந்துச்சே! தெனம் வந்துச்சு. நானும் எங்க வூட்டுக்காரரும் மாத்தி மாத்தித் தடியோட குந்திக்கினு தொரத்தினோம்."

"ஐயையோ! யார் உன்னைக் காவல் காக்கச் சொன்னது?"

"பின்னே? அந்த அஞ்சுக்கு நீ வேலி போட்டுட்டே. பாவம், இந்த அஞ்சுக்கு யாரு கீறாங்க?"

காஸ்பர் மணலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு, முன்கூட்டியே எழுதி வைத்திருந்த 'சிறந்த முறை: முள்வேலி' என்ற வரியில் கடைசிச் சொல்லை அடித்துவிட்டு எழுதினார்: 'தேசம்மா.'