ஒரே ஒரு கருப்புக் கோலி

"டீ குடிக்க வரல, ரமிரோ. உன்னைக் கையோட கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

மேட்டுத் தெருவுக்கு ஏறி வந்த படிகளில் எவரிஸ்தோவுக்கு மூச்சு வாங்கியது. தீயணைப்புக் கம்பெனியின் தலைவர் என்று பெயர்தான் பெரிது. இந்த வயதில் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கெஞ்சுவதே அவர் பிழைப்பாகிவிட்டது.

கெஞ்சாமல் என்ன செய்வது? சிலியில் தீயணைக்கப் போகிறவனுக்குச் சம்பளம் என்று எதுவும் கிடையாது. சங்கு ஊதினால் மரக்கடைக்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் பஸ் ஓட்டுகிறவரும் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். மாதச் சந்தாவையும் அவர்களே கட்டுவார்கள். மனசு இருந்தால் வருவார்கள், விட்டுப்போனால் வரமாட்டார்கள். ரமிரோவுக்கு விட்டுப்போய்க் குளிர்காலம் முழுக்க ஓடிவிட்டது.

ரமிரோவின் மனைவி நெல்டா ரொட்டியும் மசித்த வெண்ணெய்ப் பழமும் கொண்டுவந்து வைத்தாள். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. சங்குச் சத்தம் கேட்டா மனுஷன் காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கார்" என்று புலம்பிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

நடந்தது ஊருக்கே தெரியும். ரமிரோவின் மகன் தமியான் கம்பெனியில் சேர மனுப் போட்டிருந்தான். புதிய ஆளைச் சேர்ப்பதென்றால் அங்கே பழைய வழக்கம் ஒன்று உண்டு. மூடிய மரப்பெட்டி ஒன்று சுற்றி வரும். ஒவ்வொருவரும் உள்ளே கைவிட்டு ஒரு கோலியைப் போட வேண்டும். சம்மதம் என்றால் வெள்ளை, வேண்டாம் என்றால் கருப்பு. யார் எதைப் போட்டார் என்று கேட்கக்கூடாது. ஒரு கருப்பு விழுந்தாலும் ஆளைச் சேர்க்க முடியாது.

அன்றைக்குப் பெற்ற அப்பனே முதல் ஆளாகப் பெட்டிக்குள் கையை விட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள். கடைசியில் பெட்டியைக் கவிழ்த்தால், வெள்ளைக்கு நடுவே ஒன்றே ஒன்று கருப்பாக உருண்டது.

தமியான் அடுத்த வாரமே வடக்கே செம்புச் சுரங்கத்து வேலைக்குப் போய்விட்டான். வீட்டுக்குப் போன்கூடச் செய்வதில்லை. ரமிரோவும் கோலி உருண்ட அன்றே தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர்தான்.

அதற்குப் பிறகு கம்பெனியில் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்கவில்லை. மரக்கடைக்காரர்தான் போட்டிருப்பார் என்று பேச்சு கிளம்பியது. அவர் சத்தியம் பண்ணிப் பார்த்தார், யாரும் நம்பவில்லை, கோபித்துக்கொண்டு போய்விட்டார். பிறகு வாத்தியார் மேல் சந்தேகம் திரும்பியது, அவரும் போனார். இப்படி ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

"போன வாரம் பள்ளத்துல தீ. வண்டியில மூணே பேர் போனோம்" என்றார் எவரிஸ்தோ. "குழாயைப் பிடிக்க ஆள் இல்ல. அங்க இருந்த எர்மீனியா வீடு எங்க கண்ணு முன்னாடியே சாம்பலாச்சு. ஆள் சேரலைன்னா இந்த மாசத்தோட கம்பெனியை இழுத்து மூடச் சொல்லி மேலிடத்துல சொல்லிட்டாங்க. அப்புறம் இந்த மேட்டுக்கு யாரு வருவா?"

ரமிரோ ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்க நடுவுல நான் எப்படி உக்காருவேன், தலைவரே?"

இந்தப் பதிலை எவரிஸ்தோ எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். இதற்கு என்ன சொல்வது என்று படியேறும்போதே பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார்.

"யாருன்னு தெரியாததாலதானே இவ்வளவும்? தெரிஞ்சுக்கோ. கருப்புக் கோலியைப் போட்டது நான்தான்."

ரமிரோவின் முகம் வெளுத்துவிட்டது. ஓர் அறை விழும் என்று எவரிஸ்தோ காத்திருந்தார். விழவில்லை.

"நீங்களா?"

"நானேதான். நாளைக்குக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். தலைவர் பதவியும் வேணாம் ஒண்ணும் வேணாம், என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளட்டும். மரக்கடைக்காரர்கிட்டயும் வாத்தியார்கிட்டயும் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன். போனவங்க எல்லாரும் திரும்பட்டும். நீயும் வந்துடு."

ரமிரோ தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, ஏன் போட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

"பயம்தான். கிழக்கு மேட்டுல தீயணைக்கப் போய்ச் செத்த நம்ம கம்பெனிச் சின்னப் பையனை நீயும் நானும்தானே தூக்கிட்டு இறங்கினோம்? அவங்கம்மா கதறினது இன்னும் என் காதுல இருக்கு. உன் பையனைப் பார்த்ததும் அந்தக் கதறல்தான் ஞாபகம் வந்துச்சு. சேர்க்கலைன்னா எங்கேயாவது உசுரோட இருப்பானேன்னு தோணிச்சு. கை தானா கருப்பை எடுத்திருச்சு. அப்புறம் வெளிய சொல்லத் தைரியம் வரல."

ரமிரோ இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார். அப்பாடா, அழுதுவிட்டார், இனி கோபம் கரைந்துவிடும், நாளைக்கு வந்துவிடுவார் என்று நினைத்து எவரிஸ்தோ அவர் தோளில் கை வைத்தார்.

ரமிரோ அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு எழுந்தார். நெல்டாவின் காதில் விழாதபடி அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என் மனசுக்குள்ள பூந்து பார்த்த மாதிரி சொல்றீங்க, தலைவரே. அந்தப் பையன், அவங்கம்மா கதறல், கை தானா கருப்பை எடுத்தது, எல்லாமே சரி. ஆனா பெட்டியில இருந்தது ஒரே ஒரு கருப்புக் கோலி. அதைப் போட்டது நான்."