தாதாவின் தழும்பு

காலையிலிருந்து நான்காவது தடவையாகத் தாதாவின் தழும்பு பிய்ந்து தொங்கியது.

தாதாவாக நடிப்பவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன், டீயை வலது பக்கமாகக் குடியுங்கள், ஷாட் முடியும்வரை சிரிக்காதீர்கள் என்று. செவிடன் காதில் ஊதிய சங்குதான். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிய்ந்ததும், பசை சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

டைரக்டருக்கு வேறு குறை. நான் போட்ட தழும்பைப் பார்த்தால் பயமே வரவில்லையாம். இன்னும் சிவப்பாக, இன்னும் தடிமனாக, கோடு போட்டதுபோல் நேராக வேண்டுமாம்.

பழைய தழும்பு சிவக்காது, வெளுக்கும் என்றேன். தையல் போட்ட இடத்தில் சுருங்கும், உதட்டோரத்தைக் கொஞ்சம் மேலே இழுக்கும் என்றேன்.

"பதினஞ்சு தாதா படம் எடுத்தவன்மா நான். எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

இன்னொரு தடவை பிய்ந்தால் நாளையிலிருந்து வேறு மேக்கப் ஆள் என்றும் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த ஒரு வேலையில்தான். கடை கையை விட்டுப் போய் நான்கு வருடமாகிறது.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வந்தார், நான் மறந்து வைத்துவிட்டு வந்த புதுப் பசை டப்பாவோடு. தலையில் வழக்கம்போல ஹெல்மெட். வண்டியை விட்டு இறங்கினாலும் கழற்ற மாட்டார். ஹெல்மெட்டோடு பிறந்தவர் என்று யூனிட்டில் கேலி செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

டைரக்டர் கத்துவதைக் கேட்டபடி கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு டப்பாவை மேசைமேல் வைத்தார்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்.

"இப்படித்தான் சார் இருக்கும்."

வெளுத்த கோடு. தையல் இடத்தில் சுருக்கம். மேலே இழுபட்ட உதட்டோரம்.

டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இதுதான்யா தாதா மூஞ்சி என்று நடிகரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையை எழுதித் தர மாட்டேன் என்று சொன்ன மூஞ்சி அது.

அந்த மூஞ்சியைக் கிழிக்கச் சொன்னவர் அன்று எங்கள் கடை நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வழுவழுவென்று சவரம் செய்த முகம். ஒரு பருவின் வடுகூட இல்லை.