கூடுதலாகப் பதின்மூன்று மில்லிமீட்டர்

"அண்ணே, இது எங்க வீட்டுக்காரரோடது. அவர் போய்ச் சேர்ந்து ஒரு மாசமாச்சு. இந்த ஒரு கீ மட்டும் அப்பப்ப தானா அமுங்குது" என்று கீபோர்டைக் கொடுத்துவிட்டுப் போனாள் ஒரு பெண்.

சுவிட்ச் உயரம் தப்பியிருக்கும், வேறென்ன என்று மெக்கானிக் ஒவ்வொரு கீயின் உயரத்தையும், இரு தாடைகளால் கவ்விப் பிடித்து அளக்கும் காலிப்பரால் அளந்தான். எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி பதினெட்டு மில்லிமீட்டர். அந்த ஒன்று மட்டும் முப்பத்தொன்று. பார்வைக்கு மற்றவற்றோடு சமமாகத்தான் இருந்தது. காலிப்பரின் தாடைதான் கீயைத் தொடாமல் வெறும் காற்றில் முட்டி நின்றது. அடியிலிருந்த சுவிட்சை மாற்றினான், மேலே மூடியிருந்த கேப்பை மாற்றினான். அதே முப்பத்தொன்று.

பதின்மூன்று கூடுதல். காலிப்பரில் கோளாறோ என்று தன் ஆள்காட்டி விரலின் தடிமனை அளந்து பார்த்தான். பதின்மூன்று. 

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் பக்கத்து மேசையில் இருந்த மனைவி.

"காலிப்பர் மக்கர் பண்ணுது."

அவள் வாங்கி அந்தக் கீயை அளந்தாள். "பதினெட்டுதானே காட்டுது!"

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று விரலை மறுபடி அளந்தான். தாடை விரலைத் தொடாமல் காற்றில் முட்டி நின்றது.

இருபத்தாறு.